பெத்தேலின் தந்தை போடல்ஷ்விங்

அறிவினால் உயர்ந்தோரின் சரித்திரங்களை நாம் விரும்பிக் கற்கின்றோம். கலாசாலையில் வாழும் நமக்கு அஃது இயல்பே. ஆயின், அறிவு வளராதவரென உலகம் ஒதுக்கிவைத்த மக்களிடையே வாழ்ந்து, கற்றோரையும் அவர்களுக்கு ஊழியஞ் செய்ய அழைத்த ஒருவருடைய சரித்திரமும் நாம் அறியத்தக்கதாகும். அவரே ஜெர்மனி தேசத்துப் போதகராகிய பிரீடிரிக் வான் போடல்ஷ்விங் என்பார்.

இவர் 1831-ம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ந் தேதி, வெஸ்ட்பேலியா நாட்டில் டெக்லன்பர்க் என்னும் ஊரின் அருகே பிரபு குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய அரசரின் மந்திரியாய் விளங்கியவர். பிற்காலத்தில் மூன்றாம் பிரீடிரிக் என்னும் பெயருடன் சக்கரவர்த்தியான இளவரசர் இவருக்குப் பாலியத்தில் விளையாட்டுத் தோழராய் இருந்தார். இத்தகைய செல்வாக்குடையவர் அரசாங்க உத்தியோகத்தை நாடாமல் வேளாண்மையைக் கற்று, பொமரேனியாவில் ஒரு பெரிய பண்ணையை மேற்பார்வை செய்யும் வேலையை ஏற்றார். அங்கே கூலி மக்களின் வறுமையைக் கண்டு அவர் மனம் கலங்கியது. அந்நாளில் சீனச் சிறுவன் ஒருவனைப் பற்றிய மிஷன் பிரசுரமொன்று அவர் கையில் எட்டியது. அதனை வாசித்தபின் தாமும் மிஷனெரியாக வேண்டுமென்று தீர்மானித்து, 1854-ம் வருஷத்தில் பாசல் நகரஞ் சென்று வேதசாஸ்திரம் பயிலத் தொடங்கினார்.

ஆயினும் அவர் சென்ற இடம் கீழ்நாடன்று. 1858-ல் பாரிஸ் நகரத்திற்குச் சென்று, பிழைப்பு நாடி அங்கே குடியேறித் தெருக் கூட்டி வயிறு வளர்த்த ஏழை ஜெர்மானியரிடையே போதகரானார். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும், யாவருக்கும் ஆலயமும் ஏற்படுத்தினார். 1861-ல் தம் உறவினராகிய ஈடா அம்மையாரை மணந்தார். 1864-ல் தாய்நாடு திரும்பி டெல்விக் என்னும் கிராமத்துச் சபையை ஏற்றார்.

அங்கேதான் அவருடைய வாழ்வைத் திருப்பிய துன்பம் நேர்ந்தது. 1869-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், அவருடைய நான்கு குழந்தைகளும் கக்குவான் நோயால் இரண்டு வாரத்திற்குள் ஒருவர்பின் ஒருவராக மரித்தனர். வீடு வெறுமையாயிற்று. பின்னர் அவருக்கு வேறு நான்கு மக்கள் பிறந்தனராயினும், அந்நாட்களை அவர் ஒருபோதும் மறந்திலர். தம் துயரத்தினாலேயே பிறர் துயரத்தை உணரக் கற்றார்.

பீலபெல்ட் நகரத்தருகே 1867-ம் வருஷத்தில் காக்கைவலிப்பு நோயாளருக்கென ஒரு சிறு இல்லம் தொடங்கப்பட்டிருந்தது. நோயாளரைப் பேணும் சகோதரிகளுக்கென 1869-ல் சரெப்தா என்னும் இல்லமும் ஏற்பட்டது. இவ்விரண்டையும் நடத்தும் பொறுப்பை 1872-ல் போடல்ஷ்விங் ஏற்றார். அக்காலத்தில் அந்நோய்க்குப் புரோமைடு உப்பையன்றிப் பயனுள்ள மருந்து அரிது. நோயாளருள் அறிவு வளர்ச்சி குறைந்தோரும் பலர். குழந்தைப் பருவங் கடந்தபின் இவர்களை வீட்டார் மறைத்து வைப்பர். அல்லது ஏழைகள் விடுதியிலோ பைத்தியசாலையிலோ தள்ளிவிடுவர். அவ்வில்லத்திற்குப் பெத்தேல் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தேவனுடைய வீடு என்பது அதன் பொருள்.

போடல்ஷ்விங் பெரிய கட்டடமொன்றை எழுப்பி நூற்றுக்கணக்கானோரை அதனுள் அடைத்து வைக்கவில்லை. குன்றுகளின் நடுவே ஓர் ஊரையே உண்டாக்கினார். சிறு சிறு வீடுகள். ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றிலும் தந்தை தாய் போன்று பொறுப்பேற்ற ஊழியர். வயல், தோட்டம், செங்கற்சூளை, தச்சுப்பட்டறை, கொல்லுலை, ரொட்டி சுடுமிடம் என வேலைக்குப் பல இடங்கள் ஏற்பட்டன. வேலையின்றி உட்கார்ந்திருப்பதே நோயினுங் கொடிதென்று அவர் கண்டிருந்தார். மரம் இழைக்க இயலாதவன் தண்ணீர் சுமப்பான். அதுவும் இயலாதவன் தபால் முத்திரைகளைப் பிரித்து அடுக்குவான். தேசமெங்குமிருந்து வந்த பழைய முத்திரைகளும், கிழிந்த துணியும், உடைந்த சாமான்களும் அங்கே தொழிலாகவும் பொருளாகவும் மாறின. ஐயாயிரம் பேர் உண்டபின் மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவரின் செயலே இதற்கு அவர் கொண்ட மாதிரி. 1884-ல் சீயோன் ஆலயம் கட்டி முடிந்தது. ஆராதனை வேளையில் ஒருவர்க்கு வலிப்புக் கண்டால் அருகிருப்போர் அவரை மெல்லத் தாங்கிக்கொள்வர். அது அங்கே வெட்கத்திற்குரிய காரியமாக எண்ணப்படவில்லை.

பணியாளர் இன்றி இவ்வூர் நடவாது. 1877-ல் சகோதரர்களுக்கென நாசரேத் என்னும் இல்லத்தை அவர் நிறுவினார். பின்னர், வேதசாஸ்திரப் பரீட்சையில் தேறிய வாலிபர்களையும் பெத்தேலுக்கு வரவழைத்தார். சர்வகலாசாலையிற் பயின்ற அவர்கள் பிரசங்க பீடத்தில் ஏறுமுன், முன்னே ஒரு நீலத்துணியைக் கட்டிக்கொண்டு, நோயாளருக்கு உணவூட்டவும், குளிப்பாட்டவும், படுக்கையைச் சுத்தஞ் செய்யவும் வேண்டும். எபிரேய இலக்கணத்தில் வல்ல ஒருவன், தன் பெயரையும் எழுதத் தெரியாத ஒருவனுக்குப் பொத்தான் மாட்டிவிடப் பொறுமை கற்பதே ஊழியத்தின் முதற் பாடம் என்பது அவர் துணிபு. கொடுக்க வந்தவர்கள் பெற்றுக்கொண்டு சென்றனர்.

1882-ல் வேலையற்று அலைந்தோருக்கென வில்ஹெல்ம்ஸ்டார்ப் என்னும் குடியிருப்பையும் அவர் அமைத்தார். 1903-ல், எழுபது வயது கடந்தபின், பிரஷ்ய சட்டசபை அங்கத்தினராகி அவர்களுக்காக உழைத்தார். 1910-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ந் தேதி பெத்தேலில் மரித்தார்.

அவரிடம் குறையே இல்லையென்று நாம் கூறோம். அரசபக்தியும் தந்தையதிகாரமும் அவரிடம் மிகுந்திருந்தன. தமக்குக் கீழிருந்தோரின் நன்மையைத் தாமே தீர்மானிப்பவராய் இருந்தார். அவர் விட்டுச்சென்ற ஸ்தாபனமும் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. ஹிட்லர் ஆட்சியில் 1934-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, பெத்தேலில் வாழ்ந்தோர் பலர் மகப்பேறு இழக்குமாறு செய்யப்பட்டனர். இதனை அவ்விடத்தார் தடுத்திலர். 1940-ல் அதனினுங் கொடியது வந்தது. நோயாளரைப் பற்றி விவரங் கேட்கும் பாரங்கள் வந்தன. ஒருவர் வேலை செய்யத் தக்கவரா என்பது அவற்றிலிருந்த முக்கியமான கேள்வி. பயனற்றோர் எனக் கருதப்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டு வரையில் இவ்வாறு மாண்டோர் 70,000-க்கு மேற்பட்டவர். அப்போது பெத்தேலை நடத்திய அவர் குமாரர், அதே பெயருடையவர், பாரங்களை நிரப்ப மறுத்து அதிகாரிகளிடம் வாதாடினார். பெத்தேலில் வாழ்ந்தோர் பெரும்பாலும் தப்பினர். ஆயினும் 1940 செப்டம்பரில் கொண்டுபோகப்பட்ட யூத நோயாளரைக் காக்க இயலவில்லை.

இவ்விடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். தகப்பனார் ஒவ்வொருவனுக்கும் வேலை கொடுத்தார். கொடியவர்கள் அவ்வேலையையே உயிரை நிறுக்கும் தராசாக்கினர். இரண்டிற்கும் வேற்றுமை யாது? வேலை செய்தபடியால் ஒருவன் மனிதனென்று போடல்ஷ்விங் எண்ணவில்லை. மனிதனாயிருந்தபடியால் அவனுக்கு வேலையும், வீடும், பெயர் சொல்லி அழைக்கும் தோழரும் உரியவை என்று எண்ணினார். ஒன்றுஞ் செய்யவியலாது படுக்கையிற் கிடந்தவர்க்கும் அவருடைய ஊரில் இடம் இருந்தது.

நம் கலாசாலையில் மதிப்பெண்ணே அளவுகோல். அது கல்விக்குத் தகும், மனிதனுக்குத் தகாது. விடுமுறை நாட்களில் சிலவற்றையேனும், அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்கள் வாழும் இல்லமொன்றிற் செலவிடும் மாணாக்கர் இதனை விரைவில் உணர்வர். அங்கே பிரசங்கஞ் செய்ய வேண்டுவதில்லை. உடன் உண்டு, உடன் உழைத்து, அவர்கள் சொல்ல முயல்வதைப் பொறுமையோடு கேட்டிருந்தால் போதும். பட்டம் பெற்று வெளிச்செல்லும் நம் சகோதர சகோதரிகள் ஒரு நாளேனும் அந்த நீலத்துணியைக் கட்டிக்கொள்வார்களாக.