காவிரியும் ஐராவதியும் கண்ட கேப்டன் டிரைப்

ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் துணை செய்கின்றன; இலக்கியம் துணை செய்கின்றது. கடந்த நூற்றெண்பது ஆண்டுகளாக இவற்றோடு புகைப்படமும் ஒரு சான்றாகச் சேர்ந்துள்ளது. நம் தாயகத்து ஆற்றங்கரைகளும் கோயில்களும் கோட்டைகளும் முன்னாளில் எவ்வாறு தோற்றமளித்தன என்பதை இன்று நாம் கண்ணாரக் காண முடிகின்றதெனில், அதற்குக் காரணமான முன்னோடிகளுள் முதன்மையானவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைவீரர் ஆவார். காவிரி நாட்டிலிருந்து வந்தோரும் பர்மாவினின்று பெயர்ந்து வந்தோரும் அருகருகே வாழும் இவ்வந்தமான் தீவில் அவருடைய வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்குத் தனிப்பொருத்தம் ஒன்று உண்டு. இவ்விரு மக்களின் ஆறுகளையும் ஒருவரே தம் கருவியில் பதித்தார்.

டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஓர் அறுவை மருத்துவர். தாவரங்களை வகைப்படுத்திப் புகழ்பெற்ற சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் பெயரே பிள்ளைக்கும் அமைந்தது. பொருள்களை ஒழுங்குற வகுத்து நோக்கும் இயல்பு பிற்காலத்தில் இவரிடத்தும் விளங்கிற்று. பதினாறாம் வயதளவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிற் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் 12ஆவது சுதேசிக் காலாட்படையில் பணியேற்றார். நீண்ட விடுப்பில் 1850ஆம் ஆண்டளவில் தாய்நாடு சென்றபோதுதான் புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. அக்கலை தோன்றி அப்போது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1853இல் இலண்டன் புகைப்படக் கழகத்தில் உறுப்பினரானார். தம் ஊர்த் துறைமுகத்துக் கப்பல்களைப் படமெடுத்துக் கைப்பழக்கம் பெற்றார்.

1854இல் இந்தியா திரும்பிய அவர், அவ்வாண்டு இறுதியில் கன்னட நாட்டின் ஹளேபீடு, பேளூர் முதலிய ஊர்களுக்குச் சென்று ஆங்குள்ள சிற்பக் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் அப்படங்கள் வைக்கப்பெற்றன. பார்த்தோர் வியந்தனர், அரசாங்கத்தின் கண்ணும் அவர் மீது விழுந்தது.

இரண்டாம் பர்மியப் போருக்குப் பின் 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. வடக்கே மின்டோன் மன்னர் அமரபுரத்திலிருந்து அரசாண்டார். அவரிடம் ஆர்தர் பெயர் என்பவர் தலைமையில் 1855ஆம் ஆண்டு ஒரு தூதுக்குழு சென்றது. அதற்குப் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்றவர் டிரைப். ஆகஸ்டு மாதம் இரங்கூனிலிருந்து நீராவிக் கப்பல்களில் புறப்பட்ட குழு, ஐராவதி ஆற்றை எதிர்த்து வடக்கே சென்றது. புரோம், பாகான், சகாயின், அமரபுரம் என ஆற்றின் கரையோரமாகவே அவருடைய பணியும் நடந்தது. மண்ணெண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்போன ஏனாஞ்சாவுங்கில் அவர் எடுத்த ஒரு படம் புளியமரம் ஒன்றினைக் காட்டுகின்றது. பர்மாவில் பிறந்து வளர்ந்த நம் பெரியோர்க்கும், தமிழகத்துச் சாலையோரங்களில் நடந்தோர்க்கும் அம்மரம் ஒருங்கே உறவினன் அன்றோ! அமரபுரத்து நெடிய மரப்பாலமும், கூரை அடுக்குகள் செறிந்த மடாலயங்களும் அவர் படங்களில் இடம்பெற்றன. மழையும் நோயும் இடையூறு செய்தும், இருநூற்றுக்கு மேற்பட்ட மறிநிலைப் படத்தாள்களோடு அவர் மீண்டார். அவற்றுள் 120 தேர்ந்தெடுக்கப்பெற்றுத் தொகுப்புகளாக வெளிவந்தன.

அக்காலத்துப் புகைப்படம் எடுத்தல் இன்றுபோல் விரல்நுனி வேலையன்று. மெல்லிய தாளுக்கு மெழுகூட்டி, உப்புக் கரைசல்களில் தோய்த்து, வெள்ளி நைட்ரேட்டினால் ஒளியுணரும் தன்மை ஏற்றி, இருட்டிலேயே பெட்டியில் அடைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கருவியை முக்காலியில் நிறுத்தி நிமிடக்கணக்கில் மூடியைத் திறந்து வைத்தல் வேண்டும். வெயிலும் புழுதியும் தாளைக் கெடுக்கும். நல்ல நீர் கிடையாவிடில் கழுவுதல் பாழாகும். தாளில் வானம் வெறுமையாகவோ திட்டுத்திட்டாகவோ விழுந்தமையால், டிரைப் தம் கையாலேயே மறிநிலைத் தாளின்மீது வண்ணந்தீட்டி மேகங்களை அமைத்தார். ஆகவே அவர் படங்களிற் காணும் கட்டடம் மெய். மேகம் பலவிடங்களில் கைவண்ணம். சான்றாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை நினைவில் இருத்தல் நன்று.

பர்மியப் படங்களின் சிறப்பால் 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு இம்முயற்சிக்கு ஆதரவாக இருந்தார். 1857ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு டிரைப் தெற்கே புறப்பட்டார். சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்கள் அவர் கருவிக்குள் புகுந்தன. நான்கைந்து மாதங்களில் இத்துணையும் நிறைவேறின.

வடநாடெங்கும் பெருங்கிளர்ச்சியின் தீ அணையாதிருந்த காலம் அது. டிரைப் காவிரி நாட்டில் உலவிய அதே பருவத்தில், 1858 மார்ச் 10ஆம் நாள், கிளர்ச்சியில் ஈடுபட்டோர் இருநூற்றுவரைச் சுமந்த கப்பல் இத்தீவை அடைந்தது. போர்ட் பிளேர்த் தண்டனைக் குடியிருப்பு தொடங்கிற்று. ஒரே கம்பெனியின் ஆட்சி ஒரு கையால் நம் கோயில்களைப் படமெடுத்தது. மறு கையால் இத்தீவிற்கு மனிதரை விலங்கிட்டு அனுப்பியது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி அக்காலம் முழுமையாக விளங்காது.

டிரைப் கண்ட தமிழகம் நாம் காணும் தமிழகம் அன்று. திருவரங்கத்தின் தெற்கு இராசகோபுரம் அந்நாளில் முற்றுப்பெறாத அடித்தளமாக நின்றது. 1987இல் தான் அது பதின்மூன்று நிலைகளோடு முழுமையெய்தியது. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்திலேயே அதனைச் செப்பனிடும் பணி நடந்தது. அதற்கு முந்திய தோற்றத்தை நமக்குக் காட்டுவன டிரைப்பின் படங்களே. புதுமண்டபம், தெப்பக்குளம், யானைமலை, வையையின் குறுக்கே சென்ற தாழ்பாலம், மீனாட்சியம்மன் கோயில் அணிகலன்கள் ஆகியவற்றையும் அவர் படமெடுத்தார். மதுரைக் கோட்டையை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணும் அவற்றுள் ஒன்று. இன்றும் மதுரை மக்கள் வழிகேட்போர்க்கு அடையாளம் காட்டும் இடம் அது.

அவருடைய பணிகளுள் தலையாயதாகக் கருதத்தக்கது தஞ்சையில் நிகழ்ந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்து இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கோயிலுக்கு வழங்கிய பொன்னும் நிலமும் பணியாளர் பெயர்களும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. டிரைப் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அக்கல்வெட்டுப் பகுதியைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். ஹுல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் இக்கல்வெட்டுகளைப் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891இல் தான். படிக்கத் தெரியாத எழுத்தை, படிக்கவல்லார் ஒருவர் பின்னர் வருவார் என்ற நம்பிக்கையோடு எழுத்துக்கெழுத்துப் பதித்து வைத்தது அரிய செயலாகும்.

1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, திருவரங்கம், புதுக்கோட்டை, சேலம் பகுதிப் படங்கள் தனித்தனித் தொகுப்புகளாக வெளிவந்தன. கிருஷ்ணை ஆற்றங்கரை அமராவதியிலிருந்து சென்னைக்குக் கொணரப்பட்டிருந்த பௌத்தச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அச்சிற்பங்களிற் பெரும்பகுதி இலண்டனுக்குக் கப்பலேறியது.

வெற்றியின் உச்சியில் வீழ்ச்சியும் காத்திருந்தது. 1859இல் சர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னை ஆளுநரானார். கிளர்ச்சியால் கருவூலம் வறண்டிருந்த வேளை அது. அரசாங்கப் புகைப்படப் பணி தேவையற்ற ஆடம்பரம் என அவர் கருதி, அதனை நிறுத்த ஆணையிட்டார். மாகாணம் முழுவதையும் ஒழுங்குறப் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்த டிரைப்பின் நோக்கம் தொடக்கத்திலேயே முறிந்தது. அதன்பின் அவர் பெரும்பாலும் கருவியைத் தொடவில்லை. படைப்பணிக்கே திரும்பி, மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புப் பதவியோடு ஓய்வுபெற்று, பிறந்த ஊரிலேயே 1902 மார்ச் 2ஆம் நாள் மறைந்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் படங்கள் 2014இலும் 2015இலும் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகர்களில் பெருங்கண்காட்சியாக வைக்கப்பெற்று உலகின் பாராட்டைப் பெற்றன.

இத்துணைச் சிறந்த படங்களில் ஒரு பெருங்குறையும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மக்கள் இல்லை. நிமிடக்கணக்கில் ஒளி விழவேண்டிய தாளில் நடமாடுவோர் பதியமாட்டார். நின்றால் நிழலாகப் பதிவர், நடந்தால் மறைந்துபோவர். காவிரியில் நீர் மொண்ட பெண்டிரும், வையைக் கரையில் துணி வெளுத்தோரும், நாற்று நட்டோரும், தறி நெய்தோரும் அப்படங்களில் இல்லை. அரசாங்கம் விரும்பியதும் கட்டடங்களின் பதிவையே. ஆகவே கோபுரம் நிலைத்தது. அதன் நிழலில் வாழ்ந்த மக்கள் காணாமற் போயினர். காலியான தெருவைக் கண்டு அந்நாளில் ஊரே வெறிச்சோடிக் கிடந்ததென்று எண்ணுவோமாயின் பெரிதும் பிழைபட்டவராவோம்.

இக்குறையை நிறைவு செய்ய வல்லார் யார்? அரசாங்கமும் அன்று, அருங்காட்சியகமும் அன்று, குடும்பங்களே. 1942இல் போருக்கஞ்சிப் பர்மாவினின்று நடந்தே வந்தோரும், 1960களில் உடைமைகளை இழந்து கப்பலேறியோரும் கொணர்ந்தவை சிலவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளில் பல வீடுகளின் பெட்டி பேழைகளோடு படங்களையும் அள்ளிச் சென்றது. எஞ்சிய படங்கள் நம் வீட்டு அலமாரிகளில் ஈரக்காற்றினால் மங்கி வருகின்றன. பெயர் எழுதப்படாத படம், அதிலுள்ளாரை அறிந்த கடைசி முதியவர் மறையும் அன்றே ஊமையாகிவிடும்.

டிரைப் தம் படங்களுக்கு எண்ணிட்டார், ஊர்ப்பெயர் பொறித்தார், அதனாலன்றோ நூற்றறுபது ஆண்டு கடந்தும் அவை பேசுகின்றன! ஷாதிபூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தம்மிடமுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் இன்னார், இன்ன ஊர், இன்ன ஆண்டு என மென்மையான எழுதுகோலால் குறித்து வைத்தல் வேண்டும். துறைமுகத்தில் உழைத்த தந்தையும், மரவாலையில் நின்ற பாட்டனும், முதற் பொங்கலன்று முற்றத்தில் நின்ற தாயும் அவ்வாறு பெயரோடு நிலைபெறுவர். கேப்டன் டிரைப் கோபுரங்களைக் காத்துத் தந்தார். அக்கோபுரங்களை நீங்கிக் கடல்கடந்து வந்த மக்களைக் காத்துத் தருவது நம் கடமையாகும்.