மெழுகுதிரியால் அறிவூட்டிய மேதை

விஞ்ஞானம் என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளும் ஆய்வுகூடமுமே நம்முட் பலரின் நினைவுக்கு வருகின்றன. அவையின்றி எதுவுஞ் செய்தல் இயலாதென எண்ணி, பரிசோதனைகளைச் செய்யாமலே அவற்றின் முடிபுகளை மனனஞ்செய்து பரீட்சை மண்டபம் புகும் மாணாக்கரும் உளர். அன்னார் பொருட்டு மைக்கேல் பரடே என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டனில், ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்பவற்றின் தொடக்கத்துக்கு மேல் அவர் பள்ளியிற் கற்றாரல்லர். 1804இல் ஜோர்ஜ் றீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவற் பையனாகச் சேர்ந்து, மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் நூல் கட்டுந் தொழில் பயின்றார். கட்டுதற்கு வந்த நூல்களைக் கட்டுவதோடு அமையாது, அவற்றைப் படிக்கவுந் தலைப்பட்டார். கலைக்களஞ்சியத்தில் மின்னைப் பற்றி வந்த கட்டுரையும், ஜேன் மார்செற் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் அவருள்ளத்தைக் கவர்ந்தன. எனினும், படித்ததை அப்படியே நம்புதல் அவரியல்பன்று. கையிலிருந்த சொற்பக் காசுக்கு வாங்கத்தக்க பொருள்களைக் கொண்டு, நூல் கூறுவது உண்மையோவெனத் தாமே செய்து பார்த்தார். அவர்தம் பிற்காலப் பெருமைக்கெல்லாம் வித்து இப்பழக்கமே என்பது எம் துணிபு.

1812இல், கடைக்கு வந்துபோன அன்பரொருவரின் உதவியால், றோயல் இன்ஸ்ரிரியூஷனில் சேர் ஹம்பிறி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுள் நான்கினைக் கேட்டார். கேட்டவற்றை விரித்தெழுதி, படங்களும் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் பதவி கிடைத்தது. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணஞ் சென்றபோது, பணியாள் வேலையையுஞ் சேர்த்துச் செய்ய நேர்ந்தது. அத்தாழ்வைப் பொறுத்தார்; கற்றலை மாத்திரம் விட்டாரல்லர்.

1821இல், மின்னோட்டம் பாயுங் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். 1825இற் பென்சீனைக் கண்டறிந்தார். 1831 ஆகஸ்ட் 29இல், இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலுங் கம்பி சுற்றி, ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றைச் சுருளிற் கணநேரம் மின் தோன்றக் கண்டார். இன்றைய மின்பிறப்பாக்கிகளுக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டல் இதுவே. உயர்கணிதம் அறியாக் குறையைக் கூரிய நோக்காலும் ஓயாத பரிசோதனையாலும் அவர் நிறைவுசெய்தார்.

இத்துணைப் பெரியார் சிறுவர்க்குப் போதித்தலை இழிவாகக் கருதவில்லை. 1825இல் அந்நிறுவனத்தில் தொடங்கிய நத்தார்க்காலச் சொற்பொழிவுகளுள், 1827 முதல் 1860 வரை பத்தொன்பது தொடர்களை அவரே நிகழ்த்தினார். மிகப் புகழ்பெற்றது ஒரு மெழுகுதிரியைப் பற்றியது. 1848இல் நிகழ்த்திய அதனை, ஞாபகசக்தி குன்றியிருந்த தமது அறுபத்தொன்பதாம் வயதில், 1860இன் முடிவில் மீண்டும் நிகழ்த்தினார். 1861இல் அது நூலாக வெளிவந்தது.

அவர் காட்டியவற்றுட் சில எவர் வீட்டிலுஞ் செய்தற்கெளியன. எரியுந் திரியை மெல்ல ஊதியணைத்து, எழும் புகையில் இரண்டங்குல உயரத்தே தீக்குச்சிச் சுடரைக் காட்டின், தீ புகைவழியே பாய்ந்திறங்கித் திரியை மீளக் கொளுத்தும். எரிவது மெழுகின் ஆவியே என்பது இதனாற் புலனாகும். உலர்ந்து குளிர்ந்த கண்ணாடிக் குவளையைச் சுடரின்மேற் கவிழ்த்துப் பிடிப்பின், உட்புறம் மங்கி நீர்த்துளி படியும். நெருப்பினின்றும் நீர் பிறக்கும் விந்தையை அங்கே காணலாம்.

சுண்ணாம்பு நீரைக் கொண்டு அவர் காட்டியதற்கு நம் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பே போதும். அதனை நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மாத்திரம் வடித்து, பப்பாசி இலைக்காம்பினால் மெல்ல ஊதுக, உறிஞ்சுதல் ஆகாது. நீர் பால்போல வெளுக்கும். மெழுகுதிரி எரிந்த வாயுவும் அந்நீரை அவ்வாறே வெளுக்கச் செய்யும். இரண்டிலும் உள்ளது காபனீரொட்சைட்டு. சுடர் எரிதலும் நாம் சுவாசித்தலும் ஒருதன்மையன என்னும் பேருண்மையை அச்சிறுவர்க்கு அவர் இவ்வண்ணம் உணர்த்தினார். தீயோடு கூடிய சோதனைகளைப் பெரியோர் அருகிருக்கச் செய்தல் வேண்டும்.

சேர் பட்டத்தையும் றோயல் சங்கத்தின் தலைமையையும் அவர் ஏற்க மறுத்தார். 1867 ஆகஸ்ட் 25இல் உயிர் நீத்தார். அவர் வளர்த்துவிட்ட நத்தார்க்காலச் சொற்பொழிவுகள் இன்றும் நடைபெறுகின்றன.

எம் கல்லூரி மாணாக்கரே! கொல்லர் மகனுக்கு வாய்த்த கருவிகளினும் நல்லன நும்மிடம் உள. நூலிற் கண்டதைக் கையாற் செய்து பார்க்கும் துணிவொன்றே வேண்டுவது. பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கது, நம் இல்லத்துச் சிறுவர் வினவும்போது விடையை உடனே கூறிவிடாது, ஒரு மெழுகுதிரியை ஏற்றி அவர்முன் வைத்தலாம்.