இருபது ரூபாய்க் கணக்கு

புளோரா பவுண்டன் அருகே சிலையாக வீற்றிருக்கும் பார்சிப் பெரியவரை நம்மில் பலர் கண்டிருப்போம். அவரை அரசியல் தலைவர் என்று மட்டுமே நானும் எண்ணியிருந்தேன். கணிதப் பேராசிரியர் என்று அறிந்த பின்னரே அவர் எழுதியதைத் தேடிப் படித்தேன்.

தாதாபாய் நவுரோஜி 1825இல் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மாணிக்பாய் வளர்த்தார். பள்ளியில் கட்டணம் இல்லை. இருந்திருந்தால் படிப்பு அன்றே நின்றிருக்கும். ஊரார் பணத்தில் கற்றவன் ஊராருக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணம் அவரை இறுதிவரை விடவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியரான முதல் இந்தியர் அவரே. 1855இல் வணிகத்தின் பொருட்டு லண்டன் சென்றார்.

அந்நாளில் ரயில் பாதை நீண்டது, ஏற்றுமதி பெருகியது. நாடு செழிக்கிறது என்றனர் ஆட்சியாளர். அப்படியானால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டார் தாதாபாய்.

1876இல் பம்பாயில் படித்த கட்டுரையில் மாகாணந்தோறும் சாகுபடி நிலம், விளைச்சல், விலை மூன்றையும் பெருக்கிக் கூட்டினார். அதிகாரிகளின் சராசரியிலேயே பிழை கண்டார். சிறிய மாவட்டத்தையும் பெரிய மாவட்டத்தையும் சமமாக வைத்துச் சராசரி எடுத்திருந்தார்கள்! நம் முதலாண்டு மாணவன் செய்தாலும் மதிப்பெண் போகும். எவரும் குறை கூறாதபடி தாராளமாகவே சேர்த்தும் மொத்தம் 34 கோடி பவுன். மக்கள் 17 கோடி. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்.

அது போதுமா? அதற்கும் அரசாங்க ஏடுகளிலேயே விடை தேடினார். கடல் கடந்து செல்லும் கூலிகளுக்குக் கப்பலில் தர வேண்டிய உணவை அரசு மருத்துவர் ஒருவர் வகுத்திருந்தார். (அத்தகைய அளவுச் சோற்றை உண்டு கப்பலேறிய நம்மவர் எத்தனை பேரோ!) சிறைக் கைதியின் உணவு, உடைச் செலவும் அச்சாகியிருந்தது: மதராஸில் 53 ரூபாய், பம்பாயில் 47. உழுதவனைவிடத் திருடிச் சிறை புகுந்தவன் நன்றாக உண்டான்.

அந்த 20 ரூபாயும் சராசரிதான், செல்வரின் பங்கும் அதற்குள் அடங்கும் என்று அவரே எச்சரித்தார். மும்பையின் தலைவருவாயை நாளேட்டில் படித்துவிட்டுத் தாராவிச் சந்துக்குத் திரும்பும் எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காரணம் என்ன? ஏற்றுமதி இறக்குமதியை விஞ்சியும் அதற்கு ஈடான பணம் இங்கு வரவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று இங்கிலாந்தில் தங்கியது என்றார். வறுமைக்கு அது ஒன்றே காரணம் என்பதை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. ஆனால் கப்பலேறும் மூட்டைகளை எண்ணி உழவன் வயிற்றை அளக்க முடியாது என்பதை அவரைப்போல் காட்டியவர் அன்று அரியர்.

1892இல் சொற்ப வாக்குகளில் வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புகுந்தார், 1901இல் தம் ஆய்வுகளை நூலாக்கினார், 1917இல் மறைந்தார். இடையே, 1882இல், அதிகாரிகளும் ஒரு கணக்குப் போட்டிருந்தனர்: 27 ரூபாய். மதராஸ் கைதியின் செலவில் அது ஏறக்குறையப் பாதி.