காந்தியடிகளின் கணக்கேடு

ராஜ்கோட்டில் திவானாக இருந்த கரம்சந்த் காந்தியின் இல்லத்தில் வேலையாட்களின் சில்லறைக் காசுகள் அவ்வப்போது காணாமல் போயின. எடுத்தவர் திவானின் கடைசி மகனான மோகன்தாஸ். அப்போது அவருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதிருக்கும். குடும்பப் பெரியவர் ஒருவர் புகைத்து எறிந்த துண்டுகளை உறவுக்காரச் சிறுவன் ஒருவனோடு சேர்ந்து பொறுக்கிப் புகைப்பதில் தொடங்கியது இப்பழக்கம். துண்டுகள் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே பீடி வாங்கக் காசு வேண்டியிருந்தது. பெரியவர்களின் அனுமதியின்றி எதையும் செய்ய இயலவில்லையே என்ற வெறுப்பு முற்றி, இருவரும் உயிரை விடவே துணிந்தனர். ஊமத்தை விதைகளைத் தேடி எடுத்துக்கொண்டு கேதார்ஜி கோயிலுக்குச் சென்றனர். விளக்கிற்கு நெய் வார்த்து வழிபட்டனர். இரண்டு மூன்று விதைகளை விழுங்கியதும் துணிவு கரைந்துவிட்டது. அத்துடன் புகைப்பழக்கமும் காசு திருடுவதும் நின்றன.

ஆனால் திருட்டு வேரோடு போய்விடவில்லை. பதினைந்தாம் வயதில் அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று நிகழ்ந்தது. அண்ணன் ஒருவர் பட்டிருந்த சுமார் 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அவர் கையில் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துணுக்கை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் அமைதியடையவில்லை. தந்தையாரிடம் நேரில் சொல்ல நா எழவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை வேண்டி, இனித் திருடுவதில்லை என்று உறுதியளித்து ஒரு சீட்டில் எழுதினார். நோயுற்றுப் பலகைக் கட்டிலில் கிடந்த தந்தையாரிடம் அதைக் கொடுத்துவிட்டு நடுங்கியபடி எதிரே அமர்ந்தார். கரம்சந்த் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. சற்றுநேரம் கண்களை மூடியிருந்தவர், சீட்டைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

அன்று திருட்டு அவரை விட்டு அகன்றது. எனினும், ஒரு தீய பழக்கம் நீங்கிய இடம் வெறுமையாகவே இருந்தால் வேறொன்று வந்து குடியேறும். பொருளைக் கையாளும் நல்ல பழக்கம் அவரிடம் அப்போது உருவாகியிருக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1888 செப்டம்பரில் சட்டம் பயில மோகன்தாஸ் லண்டனுக்குப் புறப்பட்டார். மதுவும் மாமிசமும் பிற பெண்களின் தொடர்பும் கூடாது என்று அன்னை புத்லிபாயின் முன்னிலையில் ஏற்ற விரதங்களைக் கடல் கடந்தும் காத்தார். ஆனால் ஆங்கிலேயக் கனவானாகத் தோன்றவேண்டும் என்ற மோகம் வேறு வழியில் புகுந்தது. 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலைநேர உடை, நடனம் கற்க 3 பவுன், வயலினுக்கு 3 பவுன் என்று அண்ணன் உழைத்து அனுப்பிய பணம் கரைந்தது. நாள்தோறும் கண்ணாடி முன் பத்து நிமிடம் போயிற்று. சுமார் மூன்று மாதங்களில் அவர் விழித்துக்கொண்டார். பேச்சுக்கலை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விடைபெற்றார். வயலின் ஆசிரியையிடம் நேரில் சென்று, கிடைத்த விலைக்கு அதை விற்றுவிடுமாறு வேண்டினார். உடையில் மட்டும் நேர்த்தி விரும்பும் குணம் மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

இம்முறை அவர் விட்டொழித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதத் தொடங்கினார். பேருந்துக் கட்டணம், தபால் செலவு, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக் காசு எதுவும் விடுபடவில்லை. இரவு உறங்குமுன் வரவு செலவைக் கூட்டி இருப்பைச் சரிபார்த்த பின்னரே படுக்கைக்குச் செல்வார். ஒருகாலத்தில் வேலையாளின் சட்டைப்பையைத் துழாவிய கை அது. கணக்கேடு அவரைப் பிறவற்றிற்கும் இட்டுச் சென்றது. வண்டிச் செலவு கண்ணில் உறுத்தவே, செல்லவேண்டிய இடங்களுக்கு அருகில் அறை எடுத்து நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். அந்நடையே அந்நாட்டில் தம்மை நோயின்றிக் காத்தது என்று பின்னாளில் கருதினார். இரண்டு அறைகள் ஒன்றாயின. காலையில் ஓட்ஸ் கஞ்சியைத் தாமே காய்ச்சிக்கொண்டார். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்சில் வாழமுடிந்தது.

1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது இப்பழக்கம் பொதுப்பணிக்கு உரியதாயிற்று. செயலாளரான அவர், பெற்ற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்தார். பின்னர் லட்சக்கணக்கில் பொதுப்பணம் அவர் கைவழியே சென்றது. அவர் நடத்திய இயக்கங்கள் கடனில் முடியாமல் கையிருப்போடு முடிந்தன.

பணத்தைவிடக் கடினமாக இருந்தது கோபம். பதின்மூன்றாம் வயதில் மணந்த நாள்முதலே கஸ்தூரிபாவுக்கு ஆணையிடும் கணவராக அவர் இருந்தார். 1898-இல், டர்பன் நகர இல்லத்தில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுப் பாத்திரத்தைச் சுமந்தபோது அன்னையாரின் கண்களில் நீர் வழிந்தது. அதை முகமலர்ச்சியோடு செய்யவேண்டும் என்று சீறிய அவர், மனைவியைக் கையைப் பற்றி இழுத்துச் சென்று வாயிற்கதவைத் திறக்க முற்பட்டார். அந்நிய மண்ணில் எங்கே போவேன் என்று அன்னையார் அழுது கேட்டபின்பே நாணிக் கதவை மூடினார். அவ்விழிவை அவர் மறைத்ததில்லை.

இப்பழக்கத்தின் இடத்திலும் வேறொன்று மெல்ல அமர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலேயே பின்னர் அன்னையார் நோயுற்றபோது, உப்பையும் பருப்பையும் விடுமாறு வேண்டினார். சொன்னால் தாங்களும் விடமாட்டீர்கள் என்னும் பொருள்பட அன்னையார் பதிலளித்தார். அவர் வாதிடவில்லை, தாம் ஓராண்டு அவற்றைத் தொடுவதில்லை என்று அக்கணமே உறுதிபூண்டார். அன்னையார் பதறி, தாமே விட்டுவிடுவதாகவும் அவ்விரதத்தைத் திரும்பப் பெறுமாறும் கெஞ்சினார். அவர் இணங்கவில்லை. ஆணையிட்ட இடத்தில் தாம் முதலில் செய்து காட்டுவது வழக்கமாயிற்று.

எல்லாம் வெற்றியாக முடிந்ததாக அவர் காட்டிக்கொண்டதுமில்லை. பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருந்தவர், 1918-இல் கடும் நோயில் விழுந்தபின், அன்னையார் எடுத்துச் சொல்லவே ஆட்டுப்பால் அருந்தினார். சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோமே என்ற வருத்தம் நீங்கவில்லை. 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக வெளியான சுயசரிதையில் அதையும் பற்றுப் பகுதியிலேயே எழுதிவைத்தார்.

கையெழுத்தும் அப்படியே. அழகிய கையெழுத்து கல்விக்கு இன்றியமையாததன்று என்று இளமையில் எண்ணி அதைப் புறக்கணித்தார். தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞர்களின் முத்து முத்தான எழுத்துகளைக் கண்டு நாணித் திருத்த முயன்றார், காலம் கடந்துவிட்டிருந்தது. பறவையையும் பூவையும் பார்த்து வரைவதுபோல் எழுத்தையும் பார்த்து வரையட்டும் என்று, குழந்தைகளுக்கு முதலில் ஓவியம் கற்பித்து அதன்பின் எழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதனால்தான்.