குதிரையின் நாலு காலும் ஒரு வெள்ளைத் துணியும்

போன வருஷம் எங்க ஊர் கபடி ஃபைனலுக்கு நான்தான் போட்டோகிராஃபர். யாரும் கூப்பிடல, நானே சொல்லிக்கிட்டேன். ஊர் தேசூர். ஆரணிப் பட்டு நெய்கிற ஊர்களில் ஒண்ணு. ராத்திரி மேட்ச். ஒரு பக்கம் புது எல்.இ.டி. ஃப்ளட்லைட், இன்னொரு பக்கம் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு. கடைசி ரெய்டில் என் ஃப்ரெண்ட் மூணு பேரை இழுத்துக்கிட்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டான். ஊரே கத்துச்சு. நான் நாற்பது படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தா, ஒண்ணுகூடத் தேறல. கையும் காலும் கலங்கின தண்ணி மாதிரி. பாதிப் படம் மஞ்சள், பாதி பச்சை. அவன் மூஞ்சி ஒரு படத்திலும் இல்ல. இப்ப அவன் வேலைக்குப் போயிட்டான், கபடியை விட்டுட்டான். அவங்க அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கேட்கிறாங்க.

அந்தக் கடுப்பில் தேடித் தேடிப் படிச்சப்ப கிடைச்சவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடுற குதிரையை வரிசையா பன்னிரண்டு கட்டத்தில் காட்டுற அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்க எங்கயாவது பார்த்திருப்பீங்க. டீ-ஷர்ட்டில், போஸ்டரில், அனிமேஷன் கிளாஸின் முதல் ஸ்லைடில். அதை எடுத்தவர் அவர். ஸ்போர்ட்ஸ் போட்டோகிராஃபி என்று ஒரு வேலையே இல்லாத காலத்தில், அதன் முதல் பிரச்சினையோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டினவர்.

1830 ஏப்ரல் 9-ஆம் தேதி, இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் ஊரில் பிறந்தார். வீட்டில் வைத்த பேர் எட்வர்ட் ஜேம்ஸ் மகரிட்ஜ். அதை அவரே வாழ்க்கை முழுக்க மாத்திக்கிட்டே இருந்தார். கடைசியில் நின்ற பேர்தான் மைபிரிட்ஜ். இருபது வயசு வாக்கில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1850-களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை வைத்தார். கேமராவுக்கும் அவருக்கும் அப்போ பெரிய சம்பந்தமில்லை.

1860-இல் டெக்சாஸில் அவர் போன குதிரை வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. சிகிச்சைக்காக இங்கிலாந்து திரும்பியவர், அடுத்த சில வருஷங்களில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். 1867-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது அவர் புத்தகக்காரர் இல்லை, போட்டோகிராஃபர். யோசமிட்டி பள்ளத்தாக்கின் மலைகளையும் அருவிகளையும் எடுத்து ஹீலியோஸ் என்ற பேரில் விற்றார். கிரேக்கத்தில் சூரியனின் பேர் அது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அவர் கையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

அப்போ ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவவும் வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். அந்தத் தகட்டின் வேகத்தை இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் சுமார் 1 என்று வைத்துக்கொள்ளலாம். நீங்க ராத்திரி மேட்ச்சுக்கு 6400 வைக்கிறீங்களே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தகடு நீல வெளிச்சத்தை மட்டும்தான் நல்லாப் பார்க்கும். சிவப்பு அதுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் மலைக்கு எக்ஸ்போஷர் சரியா வைத்தால், நீல வானம் வெளுத்துப் போய் மேகமே இல்லாமல் மொட்டையா நிற்கும். மைபிரிட்ஜ் இதுக்காக வானத்தின் பக்கம் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு மறைப்பை கேமராவுக்குச் செய்தார். சில படங்களில் மேகத்தைத் தனியா எடுத்து ஒட்டவும் செய்தார். வெளிச்சத்துக்கு அளவு மட்டும் இல்ல, நிறமும் இருக்கு என்பது அவர் தினமும் அனுபவித்த தலைவலி. ஒயிட் பேலன்ஸ் என்று நாம் ஒரு பட்டனுக்குப் பேர் வைத்திருப்பது அந்தத் தலைவலியின் தம்பிக்குத்தான்.

எங்க வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும், பேர் மட்டும் தெரியாது. அரக்கு கலர் பட்டு நூல் வந்தா எங்க அம்மா ட்யூப் லைட்டில் பார்த்து ஓகே சொல்லவே மாட்டாங்க. வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பாங்க. உள்ளே பழுப்பா தெரிஞ்ச நூல் வாசலில் அரக்கா மாறும். நான் வருஷக்கணக்கா அதைப் பார்த்திருக்கேன். கேமராவைக் கையில் எடுத்தப்ப மட்டும் மறந்துட்டேன்.

சரி, குதிரைக்கு வருவோம்.

1872-இல் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் அவரைக் கூப்பிட்டார். கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வே முதலாளி, பந்தயக் குதிரைப் பைத்தியம். பின்னாளில் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஸ்டான்ஃபோர்ட்தான். அவருக்கு ஒரு கேள்வி: குதிரை வேகமா ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புதா, இல்லையா? இதுக்கு 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை நெட் முழுக்கச் சுத்துது. ஆதாரம் ஒண்ணும் கிடையாது. பந்தயம் இல்லாமலேயே கேள்வி நல்ல கேள்விதான், ஏன்னா கண்ணால் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியல. ஓவியர்கள் முன்னங்கால் முன்னாடியும் பின்னங்கால் பின்னாடியும் நீட்டி, குதிரை பறக்கிற மாதிரி வரைந்துக்கிட்டிருந்தாங்க.

முதல் குதிரையின் பேர் ஆக்ஸிடென்ட். விபத்து இல்லைங்க, மேற்குத் திசை என்று அர்த்தம். வெள்ளைத் துணிகளைப் பின்னால் தொங்கவிட்டு அதன் முன்னால் குதிரையை ஓட்டி எடுத்துப் பார்த்தார். கிடைத்தது ஒரு மங்கலான நிழல். என் கபடிப் படத்தைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அவர் வாழ்க்கையே தடம் புரண்டது. தன் மனைவி ஃப்ளோராவுக்குப் பிறந்த குழந்தை ஹாரி லார்க்கின்ஸ் என்பவனுடையது என்று நம்பி, 1874 அக்டோபரில் அவனைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றார். 1875 பிப்ரவரியில் ஜூரி அவரை விடுதலை செய்தது. அந்தக் காலத்து ஆண்கள் உட்கார்ந்த ஜூரி அது. சில மாதங்களில் ஃப்ளோரா இருபத்து நாலு வயசில் இறந்தார். பையன் அனாதை இல்லத்தில் வளர்ந்தான். மைபிரிட்ஜை ஹீரோவாக்க நினைக்கிறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுவாங்க. தாண்டக் கூடாது. நமக்குக் கத்துக்கொடுத்த கை, ஒரு மனுஷனைக் கொன்ற கையும்தான்.

மத்திய அமெரிக்காவில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தவர், 1877-இல் ஆக்ஸிடென்டின் படம் ஒன்றை வெளியிட்டார். அது கைவேலை செய்த படம் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. சந்தேகம் தப்பில்லை, படத்தில் தூரிகை வேலை நிறையவே இருந்தது. அடுத்த முறை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி செய்ய வேண்டியிருந்தது.

1878 ஜூன். பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணை. ஓடுபாதையின் ஒரு பக்கம் நீளமான கொட்டகை, அதுக்குள்ளே வரிசையா 12 கேமரா. எதிர்ப்பக்கம் சாய்வா நிறுத்திய வெள்ளைத் துணிச் சுவர், அதில் சம தூரத்தில் கோடுகள். பாதைக்குக் குறுக்கே மெல்லிய நூல்கள். குதிரை மார்பில் நூல் பட்டதும் மின்காந்தம் ஷட்டரை விடுவிக்கும். இந்த மின் அமைப்புக்கு ரயில்வே கம்பெனியின் இன்ஜினியர் ஜான் ஐசக்ஸ் உதவினார். நம்ம ஆளு ஒருத்தர் இல்லாம எதுவும் நடக்காது பாருங்க. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே எடுத்து, அங்கேயே கழுவிக் காட்டினார்.

சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை ஓடியது. அந்தப் படத்தொகுதியில் அவர் அச்சிட்ட விவரம் இது: படத்துக்குப் படம் 27 அங்குல இடைவெளி, நேரம் சுமார் 1/25 விநாடி, ஒவ்வொரு எக்ஸ்போஷரும் 1/2000 விநாடிக்கும் குறைவு. பதில் கிடைத்தது. நாலு காலும் எழும்புது. ஆனா ஓவியத்தில் மாதிரி கால் நீட்டியிருக்கும்போது இல்ல. நாலும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. குதிரையின் வேகம் விநாடிக்குச் சுமார் 16 மீட்டர். 1/60 விநாடியில் அது 27 செ.மீ. நகரும். 1/2000-இல் வெறும் 8 மி.மீ. அதனால்தான் கால் கூர்மையா நின்றது. ஆனா வெளிச்சம்? நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஐஎஸ்ஓ 1-க்கு எஃப் 16-இல் ஒரு விநாடி. லென்ஸை 2.8 வரை திறந்தாலும் 1/32 விநாடி தேவை. அவர் கொடுத்தது 1/2000. தேவையான வெளிச்சத்தில் அறுபதில் ஒரு பங்கு!

அப்புறம் எப்படிப் படம் விழுந்தது? குதிரை விழவில்லை என்பதுதான் பதில். விழுந்தது வெள்ளைத் துணி. குதிரை அதன்மேல் ஒரு கறுப்பு நிழல், அவ்வளவே. ரோமம், கண், குதிரைக்காரன் சட்டை மடிப்பு எல்லாம் போச்சு. அவர் கேட்ட கேள்விக்கு அதெல்லாம் தேவையும் இல்லை; கால் எங்கே இருக்கு என்று தெரிந்தால் போதும். எதை இழக்கலாம் என்று முதலில் முடிவு செய்தார். கேமராவால் முடியாததை, கேமராவுக்கு வெளியே, துணியாலும் வெயிலாலும் செய்தார். ஆறு வருஷத்தில் அவர் கண்டுபிடித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

1879-இல் கேமரா 24 ஆனது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப் வீரர்கள் வந்து குட்டிக்கரணம் போட்டார்கள், மல்யுத்தம் செய்தார்கள். அதே வருஷம், படங்களைச் சுழற்றித் திரையில் ஓட விடும் ஸூப்ராக்ஸிஸ்கோப் என்ற கருவியையும் செய்தார். சினிமாவுக்கு அது ஒரு தாத்தா.

ஆனா 1882-இல் ஸ்டான்ஃபோர்ட் வெளியிட்ட குதிரைப் புத்தகத்தில் மைபிரிட்ஜுக்கு உரிய இடம் இல்லை. கூலிக்கு வேலை செய்தவர் மாதிரி ஒதுக்கப்பட்டிருந்தார். லண்டன் ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை நிறுத்திவிட்டது. வழக்குப் போட்டார், தோற்றார். குரூப் ப்ராஜெக்டில் பேர் விட்டுப்போன யாருக்கும் இது புரியும்.

1884-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அதுக்குள் ஜெலட்டின் உலர் தகடு வந்துவிட்டது. அதன் வேகம் பல மடங்கு. இப்போ நிழல் இல்லை, தசையின் அசைவே தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். 1887-இல் 781 தகடுகளாக வெளிவந்த தொகுப்பில் ஓட்டம், தாண்டல், குத்துச்சண்டை, கிரிக்கெட்டில் பந்து வீசுறதுகூட இருக்கு. 1894-இல் கிங்ஸ்டனுக்கே திரும்பி, 1904 மே 8-ஆம் தேதி இறந்தார். வாழ்நாள் முழுக்கப் பேரை மாத்தினவரின் கல்லறைக் கல்லில் பேரைத் தப்பா மேபிரிட்ஜ் என்று செதுக்கியிருக்காங்க.

இப்ப உங்க கேமராவை எடுங்க. ராத்திரி கபடிக்கு முதலில் ஷட்டரைப் பிடிங்க, 1/500-க்குக் கீழே இறங்காதீங்க. விநாடிக்கு 5 மீட்டர் போற கை 1/60-இல் 8 செ.மீ. கலங்கும், 1/1000-இல் 5 மி.மீ. அப்பர்ச்சரை முழுசாத் திறங்க. ஐஎஸ்ஓ ஏறட்டும், புள்ளி புள்ளியா வந்தாலும் மூஞ்சி தெரியும், கலங்கின மூஞ்சியை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீங்க, சிவப்பு ஜெர்சி ஃபிரேமை நிரப்பினாலே அது குழம்பும். மேட்ச்சுக்கு முன்னாடி அதே விளக்கடியில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து கஸ்டம் வைங்க, ரா ஃபைலா சேமிங்க. நம்ம கரண்டில் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஃப்ளிக்கர் குறைக்கும் ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணுங்க. ரெண்டு நிற விளக்கை ஒரே செட்டிங்கில் சரி செய்ய முடியாது. அதனால எந்த விளக்கு ஆட்டக்காரன் மூஞ்சியில் விழுதோ அதுக்கு வைத்துவிட்டு, அந்தப் பக்கமே உட்காருங்க. மீதி மஞ்சளா போனா போகட்டும்.

போன வருஷம் நான் எதையும் விடத் தயாரா இல்ல. கூட்டமும் வேணும், விளக்கும் வேணும், கோடும் வேணும். அதனால் ஆட்டோவில் வைத்தேன், எல்லாம் போச்சு.

இந்த வருஷ மேட்ச்சுக்கு நேரத்தோடவே போய், விளக்கு போட்டதும் வெள்ளைத் தாளோடு நிற்கப் போறேன். அவங்க அம்மா கேட்ட படத்தை என்னால் எடுத்துத் தர முடியாது, அந்த ராத்திரி போயிடுச்சு. இந்தத் தடவை ரெய்டு போற பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க இல்லையா?