கடல் கடந்தும் தொடர்ந்த கல்விப் பணி: விபுலாநந்த அடிகளார்

கல்விச் செல்வத்துக்கு அழிவில்லை என்று நம் முன்னோர் பலபடக் கூறிப் போந்தனர். எனினும், பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து செல்லும் ஒருவன், தான் அரிதிற் கற்ற தொழில் புதிய ஊரிலே பயன்படுமோ, பயனின்றி ஒழியுமோ என்று அஞ்சுதல் இயல்பே. இவ்வச்சம் பழைய மாணவர் பலர்க்குப் புதிதன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலண்டனுக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற நம்மவருள், இங்கே ஆசிரியராகவும் கணக்காளராகவும் விளங்கியோர் பலர், அங்கே தாம் கற்றதற்கு இயைபில்லாத வேலைகளிற் காலங் கழித்ததை நாம் அறிவோம். அத்தகையோர்க்கும், இனிப் புறப்பட இருக்கும் மாணவர்க்கும் ஒரு பெரியாரின் வரலாறு துணை செய்யும் எனக் கருதுகின்றோம். பலமுறை ஊர் பெயர்ந்தும் தம் கல்வியின் ஒரு கூற்றையேனும் வீணாக விடாத சுவாமி விபுலாநந்த அடிகளாரே அவர்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி, அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைதீவிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராகத் தோன்றினார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்ற பின்னர், வாவி சூழ்ந்த நம் புளியந்தீவுக்கு வந்து அர்ச். மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். அங்கே கணிதத்தில் அவர்க்கு உண்டான பற்று வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. பின்னர்க் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்று 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். பிற்காலத்திலே பேராசிரியர் எனப் போற்றப்பட்டவர் முதலிற் பெற்ற தொழிற்றகுதி, நம்மனோர் பெற்ற அதே ஆசிரியர் தராதரப் பத்திரமே என்பதை நினைக்குந்தோறும் நாம் மகிழ்வெய்துகின்றோம்.

பத்திரம் பெற்றதோடு அமைந்துவிடும் இயல்பு அவர்க்கு இல்லை. சிறிது காலம் கற்பித்த பின் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலுஞ் சித்தியடைந்து, இலங்கையரிலே அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் என்னும் பெருமையையும் பெற்றார். ஆய்வுக்கூடத்திலே இரசாயனமும் பௌதிகமும், விளக்கொளியிலே தொல்காப்பியமும் சங்க நூல்களும் என இரு துறைகளையும் ஒருங்கே பயின்றமையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வாண்டில் இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டென்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். அப்பாலம் முற்றுப்பெற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். இருபத்தெட்டு வயதிலே கல்லூரி அதிபர். அரசாங்க உத்தியோகமும் எளிதிற் கிட்டியிருக்கும். ஆயினும் 1922இல் யாவற்றையுந் துறந்து சென்னைக்குக் கடல் கடந்தார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரிய விரதம் பூண்டு, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் கற்ற தொழிலையுந் துறந்தாரோ எனின், இல்லை. மடத்திலே அவரை அடைந்த முதற் பணி எழுத்துப் பணியே. இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராயிருந்து தொண்டாற்றினார். மடத்துப் பெரியோர் அவருடைய புலமையை அறிந்து, அதற்கேற்ற பணியையே அவர்க்கு அளித்தனர். அவரும் தமக்கு அது போதாதென்னாது அதனை முற்றச் செய்தார்.

1925இல் மீண்டும் ஈழத்துக்கு வந்து, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமைப் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலே உயர் கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலம் அது. வாவிக்கு அப்பால், கல்லடி உப்போடையிலே, தம் குருவின் பெயரால் அவர் அமைத்த சிவானந்த வித்தியாலயம் 1929இல் திறக்கப்பெற்றது. ஏழைப் பிள்ளைகளும் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் தங்கிப் பயில விடுதியும் அங்கே உண்டாயிற்று. முன்பு தாம் கற்பித்த வகுப்பறைகளை விட்டு நீங்கியவர், இப்போது வகுப்பறைகளையே கட்டுபவரானார்.

இந்நிலையிலே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெருங்கொடையால் 1929இல் சிதம்பரத்திலே நிறுவப்பெற்ற அக்கழகம், தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளாரைத் தேர்ந்தது. மகாவித்துவான்களும் உரையாசிரியர்களும் நிறைந்த தமிழ்நாட்டிலே, கடலுக்கு அப்பாலுள்ள தீவொன்றிலிருந்து வந்த விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் தமிழ்ப் பேராசிரியர் ஆசனத்தில் அமர்தல் எளிதான காரியமன்று. அங்குள்ளார் அறிந்தவற்றையே அவரினும் மிகுதியாக அறிந்தேன் என்று காட்ட அடிகளார் முற்படவில்லை. அவர்கள் கல்வியும் தம் கல்வியும் சந்திக்கும் இடம் எது என்று தேடினார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே அவ்விடத்தைக் கண்டார்.

அக்காதையிலே இளங்கோவடிகள் யாழாசிரியன் அமைதி கூறுமிடத்து, நரம்புகளை முறைப்படி நிறுத்திப் பாலைகளைத் தோற்றுவிக்கும் முறையைக் குறிக்கின்றார். அடியார்க்குநல்லார் உரையுண்டு, ஆயினும் யாழ் என்னும் கருவியே வழக்கொழிந்து, அதன் இடத்தை வீணை கொண்டமையால், சொல் விளங்கியும் பொருள் விளங்காத நிலையே இருந்தது. இலக்கணப் புலமை மட்டும் உடையார் அவ்விடத்தைக் கடந்து செல்வர். ஒலியின் அளவையறிந்த விஞ்ஞான ஆசிரியர்க்கோ அஃது ஒரு கணக்காகத் தோன்றிற்று.

அக்கணக்கின் அடிப்படையை நம் மாணவர் எளிதில் அறியலாம். ஒரே தடிப்பும் ஒரே இழுவிசையும் உடைய நரம்பொன்று எழுப்பும் ஒலியைக் குரல் எனக் கொள்வோம். அந்நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரு மடங்காகி மேற்குரல் தோன்றும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வு ஒன்றரை மடங்காகி இளி தோன்றும்; நான்கில் மூன்று பங்காக்கினால் உழை தோன்றும். இளிக்கு இளி, அதற்கும் இளி எனப் பன்னிரு முறை ஏறினால், ஏழு மேற்குரல்களைத் தாண்டித் தொடங்கிய இடத்துக்கு மிக அணித்தே வந்து சேர்வோம். ஒன்றரையைப் பன்னிரு முறை பெருக்க ஏறத்தாழ 129.7 வரும், இரண்டை ஏழு முறை பெருக்க 128 வரும். இச்சிறு வேறுபாடே இசை நூலார்க்கு என்றும் உள்ள சிக்கல். பன்னிரு வீடுகளை வட்டமாக நிறுத்தி நரம்புகளை வைக்கும் வட்டப்பாலை முறையின் நுட்பம், இவ்விகிதங்களை உணர்ந்தார்க்கே தெளிவாகும்.

இவ்வாராய்ச்சி ஏறத்தாழப் 14 ஆண்டுகள் நீடித்தது. நம் வாவியிலே நிலாக்காலத்து எழும் பாடுமீன் ஓசையையும் அடிகளார் கருத்தோடு கேட்டு, அதனை நீரரமகளிர் இசையாகப் பாடிப் போற்றினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பிறந்த ஊரின் ஓசையும், கொழும்பிலே கற்ற பௌதிகமும், மதுரைச் சங்கத்தார் மதித்த தமிழும் ஒரே ஆராய்ச்சியில் வந்து கூடின.

இடையிலே அவர் வேறு பணிகளையுந் தள்ளவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்று தமிழ்நாட்டறிஞர் முயன்றபோது, 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் நூல் 1938இல் வெளிவந்தது. இரசாயன ஆசிரியரும் தமிழ்ப் பண்டிதரும் ஒருவரேயாய் இருந்தமையால் அப்பணிக்கு அவரினும் பொருத்தமானவரைக் காண்டல் அரிது. 1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியரானார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தது. மறு ஆண்டு, 1943இல், அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகத் தாய்நாடு மீண்டார். வெளிநாட்டிலே முதிர்ந்த புலமையின் பயனைத் தம் நாட்டு மாணவரும் பெறச் செய்தார்.

இவ்வாறு ஊர் மாறியும் தொழில் மாறாதாரைப் பிற நாடுகளிலும் காண்கின்றோம். 1876இல் ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவிற் பிறந்த பப்லோ காசல்ஸ், செலோ என்னும் நரம்புக் கருவியிலே ஈடிணையற்றவர். 1939இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் பின், அங்கு நிலவிய ஆட்சியை ஏற்காது பிரான்சிலே வாழ்ந்தார். எண்பது வயதை அணுகிய காலத்திலே, தம் அன்னையார் பிறந்ததும் ஸ்பானிய மொழி வழங்குவதுமாகிய புவெர்த்தோ ரீக்கோத் தீவிற் குடியேறினார். அவ்வயதிலே ஓய்ந்திருத்தலை எவரும் குறை கூறார். அவரோ 1957இல் அங்கே இசைவிழாவையும், 1958இல் இசைக்குழுவையும், 1959இல் இசைக்கல்லூரியையும் தோன்றச் செய்து, 1973இல் அத்தீவிலேயே மறைந்தார். துறவியாகிய நம் அடிகளார்க்கும் அவ்விசைவாணர்க்கும் வாழ்க்கை நெறி வேறு. ஆயினும் சென்ற இடத்திலே தம் கலையைத் தாம் மட்டும் நிகழ்த்தி மகிழாது, பிறர் கற்கும் வழியையும் வகுத்தமை இருவர்க்கும் பொது.

யாழ் நூலின் ஆராய்ச்சி முற்றுப்பெறும் காலத்தே அடிகளாரின் உடல் நலிந்திருந்தது. கோனூர்ச் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி புரிந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் நூலை வெளியிட முன்வந்தனர். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என அமைந்த அப்பெருநூல், 1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், அடிகளார் கணித்துரைத்தவாறு அமைக்கப்பெற்ற யாழ்கள் இசைக்க, அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்தன. யூலை 19ஆந் திகதி அடிகளார் இறைவன் திருவடி எய்தினார். கல்லடி உப்போடையிலே, தாம் கட்டிய சிவானந்த வித்தியாலயத்து மண்ணிலேயே அவர் திருமேனி அடக்கம் பெற்றது.

அவர் வாழ்க்கையை ஒருங்கு நோக்கினால், வகித்த பதவிகள் பலவாயினும் ஆற்றிய தொழில் ஒன்றே என்பது புலப்படும். நுண்ணிய அறிவைத் தெளிவாகத் தமிழர்க்கு எடுத்துரைத்தலே அத்தொழில். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. அண்ணாமலைநகர்க்குச் சென்ற காலத்திலே, நட்டு இரண்டாண்டே ஆன பள்ளிக்கூடத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தே சென்றார். அதனை ஏற்று நடத்த இவ்வூரார் முன்வராதிருந்தால், சிதம்பரத்திலே யாழாராய்ச்சி தோன்றியிராது. வெளியே செல்வோர் புகழ் பெறுகின்றனர். வீட்டிலிருந்து விளக்கைக் காப்போரை உலகம் மறந்துவிடுகின்றது. இம்மலரைப் படிப்போர் அவ்விரு சாராரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

கடல் கடந்த பழைய மாணவர்க்கு நாம் கூறத்தக்கது இதுவே. புதிய நாட்டார் நம் பத்திரங்களை உடனே மதியாமற் போகலாம். கிடைத்த வேலையைச் செய்தலும் இழிவன்று. ஆனால், கற்றதை மூட்டைகட்டி வைத்துவிடாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரமேனும் அதனைப் பேணுங்கள். அங்குள்ளார் அறியாததும் நீங்கள் அறிந்ததுமாகிய ஒன்று எங்கே பயன்படும் என்று தேடுங்கள். இங்கே பயிலும் மாணவரும், கணிதம் வேறு, தமிழ் வேறு, நமக்கு ஒன்று போதும் என்று அமைந்துவிடாது, இரண்டையும் விருப்புடன் கற்பாராக. எந்த அறிவு எந்தக் கரையிலே கைகொடுக்கும் என்பதைக் கற்கும் காலத்தில் எவரும் அறியார். புளியந்தீவிலே கணிதம் பயின்ற மயில்வாகனனும் அதனை அறிந்திருக்கவில்லை.

வாழ்க அடிகளார் திருநாமம்! வளர்க நம் மாணவர் கல்வி!