தாமஸ் கிளார்க்

தாமஸ் கிளார்க் (மார்ச் 31, 1801 – நவம்பர் 27, 1867) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். நீரின் கடினத்தன்மையைச் சவர்க்காரக் கரைசலைக் கொண்டு அளக்கும் முறையையும், சுண்ணாம்பு சேர்த்துக் கடின நீரை மென்னீராக்கும் முறையையும் இவர் உருவாக்கினார். நீராவிக் கொதிகலன்களுக்கு ஊட்டப்படும் நீரை வேதியியல் முறையில் பதப்படுத்தும் துறைக்கு இவ்விரண்டும் அடித்தளமாக அமைந்தன. கடினத்தன்மையின் பழைய பிரித்தானிய அலகு இவரது பெயரால் கிளார்க் பாகை என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

கிளார்க் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஏர் நகரில் பிறந்தார். இவரது தந்தை வணிகக் கப்பல் தலைவராக இருந்தவர். ஏர் கல்விக்கழகத்தில் பயின்ற கிளார்க், 1816 ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் சார்லஸ் மாக்கின்டாஷின் நிறுவனத்தில் கணக்கு அலுவலகப் பணியில் சேர்ந்தார். மாக்கின்டாஷ் பின்னாளில் நீர்புகாத் துணியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். கிளார்க்கின் நாட்டம் கணக்கேடுகளை விட வேதியியலிலேயே மிகுந்திருந்தது. எனவே அவர் செயின்ட் ராலக்ஸ் என்னும் இடத்திலிருந்த டெனன்ட்டின் வேதிப்பொருள் தொழிற்சாலைக்கு மாறினார். சலவைத்தூள் உற்பத்திக்குப் பெயர் பெற்றிருந்த அத்தொழிற்சாலையில் சுண்ணாம்பு ஓர் முதன்மையான மூலப்பொருளாகும்.

1826 இல் கிளாஸ்கோ தொழில்வினைஞர் கழகத்தில் வேதியியல் விரிவுரையாளரானார். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1831 இல் பட்டம் பெற்றார். 1833 இல் அபர்டீன் நகரின் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

பாஸ்பேட்டு ஆய்வு

கிளார்க்கின் பெயரை முதலில் வேதியியலாளரிடையே அறியச் செய்தது 1820களின் இறுதியில் அவர் செய்த பாஸ்பேட்டு ஆய்வாகும். சாதாரண சோடியம் பாஸ்பேட்டைச் செஞ்சூட்டில் காய்ச்சினால் அது நீரை இழந்து வேறொரு பொருளாக மாறுவதை அவர் கண்டார். சாதாரணப் பாஸ்பேட்டு வெள்ளி நைத்திரேட்டுடன் மஞ்சள் நிற வீழ்படிவைத் தரும். இப்புதிய பொருளோ வெண்ணிற வீழ்படிவைத் தந்தது. இது பைரோபாஸ்பேட்டு எனப் பெயர் பெற்றது. தாமஸ் கிரஹாம் 1833 இல் பாஸ்பாரிக் அமிலங்களின் மூவகைகளை விளக்குவதற்கு இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

கொதிகலன்களும் கடின நீரும்

கிளார்க்கின் காலத்தில் நீராவிப் பொறிகள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் பரவிக்கொண்டிருந்தன. சுண்ணப் பாறைகளின் ஊடாக வரும் நீரில் கால்சியம் பைகார்பனேட்டு கரைந்திருக்கும். நீர் சூடாகும்போது இது கரியமில வாயுவை வெளிவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகக் கொதிகலனின் சுவரில் படியும். கால்சியம் சல்பேட்டு உள்ள நீரில் இப்படிவு கல்லைப் போல் இறுகிவிடும்.

இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதே அளவு நீராவிக்குக் கூடுதல் நிலக்கரி தேவைப்படுகிறது. அதைவிட ஆபத்தானது, நீரின் தொடுகை இல்லாமல் இரும்புத் தகடு அளவுக்கு மீறிச் சூடாவதாகும். சூட்டினால் வலுவிழந்த தகடு அழுத்தத்தைத் தாங்காமல் புடைத்து, சில வேளைகளில் வெடிக்கவும் செய்யும். அக்காலத்துக் கொதிகலன் பணியாளர்கள் உருளைக்கிழங்கு, மரப்பட்டைச் சாறு போன்றவற்றைக் கொதிகலனுக்குள் இட்டுப் பார்த்தனர். படிந்ததைச் சுத்தியல் கொண்டு கொத்தி அகற்றினர். நீரில் எவ்வளவு சுண்ணம் உள்ளது என்பதை எளிதில் அளந்தறிய வழி இல்லாததால் இவை யாவும் ஊகத்தின் அடிப்படையிலேயே நடந்தன.

கடினத்தன்மையை அளத்தல்

கடின நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே. கிளார்க் இதனை ஓர் அளவீடாக மாற்றினார். குறிப்பிட்ட அளவு நீரைக் குப்பியில் எடுத்து, செறிவு அறியப்பட்ட சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கலையாத நுரை தோன்றும் வரை செலவான கரைசலின் அளவு நீரின் கடினத்தன்மையைக் காட்டும். ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மை ஒரு பாகை எனக் கொள்ளப்பட்டது. ஒரு காலன் நீர் 70,000 கிரெயின் நிறையுடையது என்பதால், இது 70,000 இல் ஒரு பங்காகும். இன்றைய அளவில் லீட்டருக்கு ஏறத்தாழ 14.3 மில்லிகிராம்.

சுண்ணாம்பு முறை

1841 இல் கிளார்க் தமது மென்னீராக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பால் கடினமான நீருக்கு மேலும் சுண்ணாம்பைச் சேர்ப்பதே இம்முறையாகும். இது முரணாகத் தோன்றினாலும் காரணம் எளியது. 16 அவுன்சு சுண்ணக்கல்லைச் சுட்டால் ஏறத்தாழ 9 அவுன்சு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 7 அவுன்சு கரியமில வாயு வெளியேறும். நீரில் சுண்ணக்கல்லைக் கரைத்து வைத்திருப்பது மிகையான கரியமில வாயுவே. சேர்க்கப்படும் சுண்ணாம்பு அவ்வாயுவைப் பற்றிக்கொண்டு தானும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறும்; முன்பு கரைந்திருந்ததும் அதனுடன் சேர்ந்து அடியில் படியும்.

சேர்க்கும் அளவு குறைந்தால் கடினத்தன்மை எஞ்சும். மிகுந்தால் நீர் காரமாகி மீண்டும் கடினமாகும். ஆகவே முன்னதாக அளத்தல் இன்றியமையாதது. மிகைச் சுண்ணாம்பைக் கண்டறிய வெள்ளி நைத்திரேட்டுச் சோதனை பயன்படுத்தப்பட்டது.

1851 இல் கிரஹாம், மில்லர், ஹொஃப்மன் ஆகிய வேதியியலாளர்கள் லண்டன் நீர் வழங்கலைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கையில் இம்முறையும் ஆராயப்பட்டது. 1854 இல் லண்டனுக்கு அருகிலுள்ள பிளம்ஸ்டெட் நீர்நிலையத்தில் இது நடைமுறைக்கு வந்தது. பெரிய நீர் வழங்கல் நிறுவனங்கள் இதனை உடனே கைக்கொள்ளவில்லை.

குறைபாடும் வளர்ச்சியும்

கிளார்க் முறை பைகார்பனேட்டால் உண்டாகும் தற்காலிகக் கடினத்தன்மையை மட்டுமே நீக்கும். இறுகிய படிவைத் தரும் கால்சியம் சல்பேட்டை அது அகற்றாது. சுண்ணாம்புடன் சலவைச் சோடாவையும் சேர்க்கும் சுண்ணாம்பு–சோடா முறை இக்குறையைத் தீர்த்தது. வீழ்படிவு அடங்குவதற்குப் பெரிய தொட்டிகள் தேவைப்பட்டது மற்றொரு தடையாகும். 1876 இல் ஜான் ஹென்டர்சன் போர்ட்டர் அழுத்த வடிகட்டிகளைப் புகுத்தி அதனை நீக்கினார். இது போர்ட்டர்–கிளார்க் முறை எனப்பட்டது. இதன் பின் இருப்புப்பாதைகளும் ஆலைகளும் கொதிகலன் நீருக்குச் சுண்ணாம்பைப் பரவலாகப் பயன்படுத்தலாயின.

சுண்ணாம்பு முறைக்குப் பின்னும் நீரில் சிறிதளவு கால்சியம் எஞ்சும். உயர் அழுத்தக் கொதிகலன்களுக்கு அதுவும் தீங்கானது. இருபதாம் நூற்றாண்டில் இதற்காகக் கொதிகலனுக்குள்ளேயே சோடியம் பாஸ்பேட்டு இடும் வழக்கம் ஏற்பட்டது. எஞ்சிய கால்சியம் சுவரில் ஒட்டாத சேறாகி வெளியேற்றப்படும். கிளார்க் இளமையில் ஆராய்ந்த பாஸ்பேட்டுகள் இவ்வாறு அவரது சுண்ணாம்பு முறைக்குத் துணையாயின. பின்னர் வந்த அயனிப் பரிமாற்ற முறைகள் பல இடங்களில் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்துள்ளன. எனினும் பெருமளவு நீரை மென்னீராக்கும் நிலையங்களில் சுண்ணாம்பு முறை இன்றும் பயன்படுகிறது.

இறுதிக்காலம்

1840களின் நடுப்பகுதியில் கிளார்க் மூளை தொடர்பான நோய்க்கு ஆளானார். அதன் பின் அவரால் முன்போல் கற்பிக்க இயலவில்லை. 1860 இல் மாரிஷல் கல்லூரியும் கிங்ஸ் கல்லூரியும் இணைந்து அபர்டீன் பல்கலைக்கழகமாயின. அதுவரை அவர் பேராசிரியர் பதவியில் இருந்தார். அவர் 1867 ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று கிளாஸ்கோவில் காலமானார். அப்போது போர்ட்டர்–கிளார்க் முறை தோன்ற இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.